இரண்டாக மறித்த மண்டபம்: கிளிநொச்சியில் ஒரு விழா மண்டபம் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியை விட்டு அரைக் கட்டை உள்ளே, இரணைமடு வாய்க்கால் ஒன்றின் கரையை ஒட்டி நிற்கும் மண்டபம் இது. நீளம் 60 அடி, அகலம் 40 அடி, 300 கதிரை. வெளியே தனியாகச் சாப்பாட்டுக் கொட்டிலும் சமையல் கொட்டிலும் உண்டு. கலியாணத்துக்கு எடுப்பவர்களுக்கு இது நடுத்தரமான மண்டபம். கூட்டம், பயிற்சிப் பட்டறை, சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் பூட்டாமல் ஓடிய மண்டபம் என்பதும், ஓடியதற்கான காரணம் கட்டடத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் இதைப் பற்றி விரிவாக எழுத வைக்கின்றன.

வன்னியில் மண்டபத்தின் வருமானம் வயலில்தான் தொடங்குகிறது. மாரிமழையோடு விதைக்கும் காலபோக நெல் வெட்டி, கையில் காசு புழங்கும் தை, மாசியில் கலியாணங்கள் குவியும். வைகாசி, ஆனி, ஆவணியில் மறுபடி ஒரு சுற்று. ஆடி, புரட்டாசி, மார்கழி வெறுமை. கார்த்திகையில் மாவீரர் வாரமான நவம்பர் 21 முதல் 27 வரை இங்கே யாரும் கொண்டாட்டம் வைப்பதில்லை. ஆக, கலியாணத்தை மட்டும் நம்புகிற மண்டபம் நல்ல காலத்திலேயே வருடத்தின் பெரும் பகுதியைச் சும்மா கழிக்கும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அடுத்த காலபோகம் விழுந்தபோது, அந்த தை, மாசியும் கைவிட்டுப் போனது. கலியாணம் செய்தவர்களும் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு 80, 100 பேரோடு முடித்தார்கள். 300 பேருக்குக் கட்டிய மண்டபத்தை 80 பேருக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். வெறுங்கதிரை வரிசைகள் வீடியோவில் விழுவதை எந்தத் தாய் தகப்பனும் விரும்புவதில்லை.

இந்த மண்டபத்தார் செய்தது, 60 அடி நீளத்தை 36, 24 என்று மடக்குக் கதவால் மறித்தது. பெரிய பக்கம் 1,440 சதுர அடி, சிறிய பக்கம் 960. சிறிய பக்கத்தில் மேசைகளை ப வடிவில் போட்டு 35 முதல் 40 பேரை வசதியாக இருத்தலாம். பயிற்சிப் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் அவ்வளவு பேர்தான். கதவைத் திறந்தால் மறுபடி முழு மண்டபம். அலுமினியத் தண்டவாளத்தில் தொங்கும் எட்டுப் பலகைகள், இரண்டு பேர் பத்து நிமிடத்தில் தள்ளி ஒதுக்கிவிடுவார்கள்.

இதிலேயே முதற்குறையும் இருக்கிறது. மறிப்பு போலிக் கூரைத் தட்டோடு நின்றுவிட்டது. தட்டுக்கு மேலே, தகரக் கூரை வரை உள்ள வெளி மறிக்கப்படவில்லை. அதனால் பெரிய பக்கத்தில் மைக் போட்டுப் பேசினால், குரல் மேலால் ஏறிச் சிறிய பக்கத்தில் இறங்குகிறது. கதவுப் பலகையை எவ்வளவு தடிப்பாக்கினாலும் இது தீராது. தட்டுக்கு மேலே கூரை வரை ஜிப்சம் பலகை வைத்து அடைத்து, பலகைகளின் அடியில் ரப்பர் பட்டி ஒட்டவேண்டும். இரண்டு நாள் வேலை. அதைச் செய்யும் வரை, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ஆட்கள் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே திகதி எடுங்கள். மற்றப் பக்கத்தில் சவுண்ட் செற் போடப்போகிறார்கள் என்றால் வேறு நாள் பாருங்கள்.

ஏசி சிறிய பக்கத்தில் மட்டும்தான். 24,000 பிரியூ இன்வேட்டர் ஏசி நான்கு, மொத்தம் 8 தொன் குளிர்விக்கும் திறன். 960 சதுர அடியில், 120 சதுர அடிக்கு ஒரு தொன் என்ற கணக்கு. 40 பேர் இருக்கும் அறைக்குச் சரியான அளவு. பெரிய பக்கத்தில் உயரக் கூரை, இரு பக்கமும் காற்று வழி, சுவர் விசிறிகள். வைகாசி வெயிலில் பட்டுச்சேலையோடு இருப்பவர்களுக்கு அது போதாது. முழு மண்டபத்துக்கும் ஏசி போட்டிருக்கலாமே என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். போடாததுதான் இந்த மண்டபத்தைக் காப்பாற்றியது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரணம் மின்சாரசபையின் கட்டண முறை. ஒப்பந்தச் சுமை, அதாவது ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவு, 42 கேவிஏ வரை இருந்தால் சாதாரண வணிகப் பாவனையாளர் பிரிவு. எரித்த அலகுக்குக் காசும், ஒரு நிலையான மாதக் கட்டணமும். 42ஐத் தாண்டினால் அடுத்த பிரிவு. அங்கே அலகுக்குக் கட்டுவதோடு, அந்த மாதத்தில் எந்த 15 நிமிடத்தில் ஆகக்கூடிய சுமை எடுத்தீர்களோ, அந்தக் கேவிஏ அளவுக்கும் தனிக்கட்டணம் உண்டு. மாதத்தில் ஒரேயொரு கலியாணம், அன்று இருபது தொன் ஏசியும் ஒன்றாக ஓடியது என்றால், மிச்சம் 29 நாளும் மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் அந்த உச்சச் சுமைக்கான கட்டணம் பில்லில் வரும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் ஏறியபோது முழு ஏசி மண்டபங்களை உடைத்தது இந்த உச்சக் கட்டணம்தான். கலியாணம் குறைய, ஒவ்வொரு கலியாணத்தின் தலையிலும் விழும் பங்கு கூடியது. வாடகையை ஏற்றினார்கள், ஏற்ற ஏற்றப் பதிவு குறைந்தது. இங்கே நான்கு ஏசியும் சேர்ந்து ஏறக்குறைய 9 கிலோவாற்று. மின்விளக்கு, விசிறி, சவுண்ட் செற், நீர்ப்பம்பி எல்லாம் சேர்த்தாலும் 42ஐ நெருங்காது.

ஜெனரேற்றருக்கும் இதே கணக்குத்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. அந்த யூன் கடைசியில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டது. முழு ஏசி மண்டபத்துக்கு 60 கேவிஏ இயந்திரம் வேண்டும். முக்கால் சுமையில் அது மணிக்கு 10 முதல் 11 லீற்றர் குடிக்கும். ஐந்து மணி நேர நிகழ்வுக்கு 50 லீற்றருக்கு மேல், அன்றைய விலையில் 23,000 ரூபாவைத் தாண்டும். இங்கே இருப்பது 20 கேவிஏ. முக்கால் சுமையில் மணிக்கு மூன்றரை முதல் நான்கு லீற்றர், ஐந்து மணிக்கு 20 லீற்றருக்குள் முடியும். எரிபொருள் நிலையத்தில் கானுக்கு டீசல் கொடுக்காத நாட்களில் 20 லீற்றரைத் தேடுவதற்கும் 55 லீற்றரைத் தேடுவதற்கும் இடையில்தான் ஒரு நிகழ்வு நடப்பதும் நின்றுபோவதும் இருந்தது.

பெரிய இயந்திரத்தைச் சிறு சுமையில் ஓட்டினால் டீசல் மிஞ்சும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் பிழை. 60 கேவிஏ இயந்திரம் விசிறிக்கும் மின்விளக்குக்கும் மட்டும் ஓடினாலும் மணிக்கு மூன்று லீற்றர் அளவில் குடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த சுமையில் நாள்கணக்கில் ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயிலும் வால்விலும் கரியும் எண்ணெய்ப் பிசினும் படியும்.

கரண்ட் நின்றால் இங்கே ஜெனரேற்றருக்குக் கையால்தான் மாற்றவேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. புரொஜெக்டருக்கு யூபிஎஸ் வைத்திருக்கிறார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். சூடான புரொஜெக்டர் விசிறி ஓடாமல் சட்டென நின்றால் பல்பின் ஆயுள் குறையும், மறுபடி எரிய நிமிடங்கள் ஆகும். பேச்சாளர் நடுவில் நிற்பார். ஏசியை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். நான்கையும் ஒன்றாகத் தட்டினால் ஜெனரேற்றர் திணறலாம்.

பில் போடும் முறைக்கு முழுப் புள்ளி கொடுக்கிறோம். மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது ஒரு சீ.ஆர். கொப்பி. நீலக் கோடுகளுக்கு மேலே சிவப்பு மையில் ஐந்து கட்டம்: திகதி, தொடக்க அலகு, முடிவு அலகு, ஜெனரேற்றர் மணி, கையெழுத்து. ஜெனரேற்றரில் உள்ள மணிக்கணக்கி ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளி நகரும், அதையும் பார்த்து எழுதுகிறார்கள். பொறுப்பாக இருக்கும் அக்கா திறப்பைக் கொடுக்கும்போதே "அண்ணை, முதல்ல மீற்றரைப் பாத்துக் கையெழுத்து வைச்சிட்டுப் போங்கோ" என்பார். மண்டப வாடகை ஒரு வரி, மின்சாரம் ஒரு வரி, டீசல் அன்றைய விலைப்படி ஒரு வரி, துப்புரவு ஒரு வரி. வாடகை பதிந்த நாளிலேயே நிலைக்கும். டீசலும் சாப்பாடும் நிகழ்வு நாள் விலை. இது முற்பண ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கு இவ்வளவு என்று பேசும் மண்டபங்களில் 2022இல் நடந்தது வேறு. விலை ஏற, கடைசிக் கிழமையில் கூடக் காசு கேட்டார்கள், அல்லது கேட்காமலே கறியைக் குறைத்தார்கள். கடைசிக் கிழமையில் வேறு மண்டபம் தேட எவராலும் முடியாது. ஆளின் இக்கட்டைப் பார்த்துக் காசு வாங்குவது தொழிலுக்கு அழகல்ல. வற் (பெறுமதி சேர் வரி) பற்றியும் ஒன்று: 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். வற்றுக்குப் பதியாத மண்டபம் அதைச் சேர்க்க முடியாது. பில்லில் வற் வரி இருந்தால் பதிவிலக்கமும் இருக்கவேண்டும். இங்கே வற்றும் இல்லை, சேவைக் கட்டணமும் இல்லை.

இரண்டாவது குறை, திகதி மாற்றமும் ரத்தும். முற்பணம் கால் பங்கு. ஒருமுறை இலவசமாகத் திகதி மாற்றலாம் என்பது நல்லது. ஆனால் "தவிர்க்கமுடியாத காரணம்" என்று மட்டும் எழுதி, எது அது என்று சொல்லவில்லை. ஊரடங்கு, வீட்டில் மரணம், டீசல் இல்லாமை, வெள்ளம் என்று பெயர் சொல்லி எழுதாவிட்டால், சிக்கல் வரும் நாளில் இரு பக்கமும் தத்தம் விருப்பத்துக்கு வாசிக்கும். வெள்ளத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மண்டபம் மேட்டில்தான் இருக்கிறது, வரும் பாதை தாழ்வு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு எடுப்பவர்கள் திகதி மாற்றும் உரிமையைக் கையால் எழுதி வாங்குங்கள்.

சமையல் கொட்டிலில் நான்கு விறகு அடுப்பு, இரண்டு காஸ் அடுப்பு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபாவானது, பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காத நாட்கள் வந்தன. விறகடுப்பை இடித்துவிட்டுப் புதுச் சமையலறை கட்டிய மண்டபங்கள் அன்று வெளியில் சமைப்பித்தன. இங்கே அடுப்பு அணையவில்லை. விறகு கூரைக்குக் கீழே அடுக்கிக் காய்கிறது, மாரியிலும் புகை குறைவு. பகற்சாப்பாட்டுக்கு எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று போடுகிறார்கள், சரியான அளவு. ஆட்தொகையை இரண்டு நாளுக்கு முன் உறுதி செய்யவேண்டும், அதற்கு மேல் இருபது பேருக்கு ஒருவர் என்று கூட்டிச் சமைப்பார்கள்.

தேநீரில்தான் கூட்டம் எடுப்பவர்கள் காசை விடுகிறார்கள். 100 பேருக்குப் பால்தேநீர் என்றால் 200 முதல் 250 கிராம் தேயிலை, ஒரு கிலோ சீனி, ஒரு கிலோ அளவில் பால்மா. செலவில் பெரும்பங்கு பால்மாதான். காலையில் ஒருமுறை பால்தேநீர், பின்னேரம் இஞ்சி போட்ட பிளேன்ரீ என்று கேளுங்கள். பிளாஸ்கில் ஒரு மணி நேரம் கிடந்த பால்தேநீரைவிட அது சுவையும் நன்று.

அரைநாள் வாடகை காலை 8.30 முதல் 12.30, பின்னேரம் 1.30 முதல் 5.30. நடுவில் ஒரு மணித்தியாலம் துப்புரவுக்கு. நிரந்தர வேலையாட்கள் நால்வர். மிச்சப் பேரை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து நாட்கூலிக்கு எடுக்கிறார்கள். ஊருக்குள் காசு நிற்கிறது, மண்டபத்துக்கும் வெறும் நாட்களில் சம்பளச் சுமை இல்லை. ஆனால் புது ஆட்கள் பரிமாறும் நாளில் பந்தி பிந்துகிறது. கலியாணத்துக்கு எடுத்தால் ஒரு பந்திக்கு ஒரு மேற்பார்வையாளர் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது குறை கழிப்பறை, இதை மன்னிக்க முடியாது. 300 பேர் கொள்ளும் மண்டபத்தில் பெண்கள் பக்கம் மூன்றே மூன்று. குறைந்தது ஆறு வேண்டும், அதில் ஒன்று சக்கர நாற்காலி போகும் அகலத்தில். போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில், சாய்தளம் வாசலோடு நின்று, கழிப்பறைக்கு இரண்டு படி ஏறவேண்டியிருப்பது மிகப்பெரிய தவறு. மேல்தாங்கி 2,000 லீற்றர் ஒன்றுதான். ஒருவருக்கு அரைநாளில் 12 லீற்றர் என்று போட்டாலே 300 பேருக்கு 3,600 ஆகிறது. ஜெனரேற்றர் இணைப்பில் பம்பி இருக்கிறது, ஆனால் யாராவது நினைவு வைத்துப் போடவேண்டும். கிணற்றுத் தண்ணீர் கடினநீர், குழாய் முகப்பெல்லாம் வெள்ளைப் படிவு. குடிக்க வடிகட்டிய தண்ணீர் தனியாக வைக்கிறார்கள்.

கலியாணத்துக்கு 150 பேருக்கு மேல் என்றால் தையிலோ மாசியிலோ, காலை முகூர்த்தத்துக்கு மட்டும் எடுங்கள். கூட்டத்துக்குச் சிறிய பக்கம் செவ்வாய், புதன் காலைகளில் இலகுவாகக் கிடைக்கும். மேற்குப் பக்கத் திரைச்சீலை மெல்லியது. பின்னேர வெயிலில் புரொஜெக்டர் எழுத்து மங்கும், புரொஜெக்டர் திரையைக் கிழக்குச் சுவருக்கு மாற்றாமல் மேடைப் பக்கமே வைக்கச் சொல்லுங்கள்.