மில்லிங் டேபிளுக்கு ஸ்டெப்பர் பவர் ஃபீடு கிட்: மோட்டாரும் டிரைவரும் அருமை, ஒயரிங் நம் தலையில்

மில்லிங் மெஷினில் நீளமான ஜாப் ஓட்டுபவர்களுக்கு மணிக்கட்டு வலி புதிதல்ல. கைச்சக்கரத்தை ஒரே சீராகச் சுற்ற யாராலும் முடியாது. கை எங்கே தயங்கியதோ அங்கே ஜாபின் மேல் ஒரு கோடு விழும். எக்ஸ் அச்சில், அதாவது இடது வலதாக, டேபிளை மோட்டாரே நகர்த்தும் ஸ்டெப்பர் பவர் ஃபீடு கிட் வாங்கியது அதற்காகத்தான். ஸ்டெப்பர் என்பது ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சிறு படி சுற்றும் மோட்டார். நான் அடிப்படையில் மெஷினிஸ்ட், எலக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை. ஆனால் பேனல் ஒயரிங் செய்து பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் இல்லாதவர் இந்த கிட்டை அதன் தாளில் போட்டிருக்கும்படியே மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிட்டில் வருபவை: 57 மி.மீ. சதுர முகப்புள்ள நீமா 23 மோட்டார், டிஎம்542 என்று அச்சிட்ட டிரைவர் (பல்ஸுக்கு ஏற்ப மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸை டிசி ஆக்கும் பவர் சப்ளை), வேகக் குமிழும் இடது-வலது சுவிட்சும் உள்ள, டிரைவருக்குப் பல்ஸ் அனுப்பும் பல்ஸ் போர்டு, ஒரு சிவப்புக் காளான் பட்டன், 20 பல்லுக்கு 40 பல் டைமிங் புல்லி, பெல்ட், கொஞ்சம் ஒயர். டிஎம்542 என்பது லெட்ஷைன் நிறுவனத்தின் மாடல். இன்று பலரும் அதே பெயரில், அதே அமைப்பில் செய்து விற்கிறார்கள். எனக்கு வந்ததில் தயாரித்தவர் பெயரே கிடையாது.

பெயர் இல்லாவிட்டாலும் டிரைவர் நல்ல சரக்கு. இதே அளவு மோட்டாரைப் பழைய டிபி6600 டிரைவரில் ஓட்டியிருக்கிறேன். நின்றுகொண்டிருக்கும்போதே கீச்சென்று சத்தம் போடும், நடுத்தர வேகத்தில் டேபிளே அதிரும். இது டிஜிட்டல் டிரைவர் என்பதால் அந்த இரைச்சல் ஏறக்குறைய இல்லை. மெதுவான ஃபீடில் மோட்டார் ஓடுகிறதா என்று பெல்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் வந்தவுடன் மோட்டாரின் தன்மையைத் தானே அளந்து தன்னைச் சரிசெய்துகொள்கிறது, ஒரு சிறு 'டிக்' கேட்கும். அதனால் மோட்டாரை முதலில் இணைத்து, டிப் சுவிட்சுகளை (டிரைவரின் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் குட்டி சுவிட்சுகள்) வைத்து, அப்புறம்தான் பவர் கொடுக்க வேண்டும்.

டிப் சுவிட்சு விஷயத்தில் இரண்டு இடங்களில் பலரும் குழம்புகிறார்கள். ஒன்று கரண்ட். அட்டவணையில் பீக் (உச்ச அளவு) என்று ஒரு வரிசை, ஆர்எம்எஸ் (சூடாக்கும் திறனுக்குச் சமமான அளவு) என்று இன்னொரு வரிசை இருக்கும். என் மோட்டாரின் லேபிள் ஒரு ஃபேஸுக்கு 2.8 ஆம்பியர் என்கிறது. பீக் 3.76, ஆர்எம்எஸ் 2.69 என்ற இடம்தான் அதற்குப் பொருத்தம். நான் அதற்கும் ஒரு படி கீழே, 3.31-ல் வைத்துப் பார்த்தேன். எஃகில் கனமான வெட்டு எடுக்காதவரை அதுவே போதும். நான்காவது சுவிட்சை, நிற்கும்போது கரண்ட் பாதியாகும்படி வைத்துவிடுங்கள். கரண்ட் பாதியானால் காயிலில் சூடு கால் பங்காகும். அப்படியும் மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடலாம். வெளிக்கூடு 80 டிகிரி வரை போவது ஸ்டெப்பரில் சாதாரணம், பயப்படத் தேவையில்லை.

இன்னொன்று மைக்ரோஸ்டெப், அதாவது மோட்டார் ஒரு சுற்று சுற்ற எத்தனை பல்ஸ் வேண்டும் என்ற எண். எண் பெரிதானால் துல்லியம் கூடும் என்று நினைத்து 25,600-ல் வைப்பவர்கள் உண்டு. இந்த கிட்டின் பல்ஸ் போர்டு அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ்தான் கொடுக்கிறது. டேபிளை நகர்த்தும் என் லீட் ஸ்க்ரூ 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு), பெல்ட் விகிதம் இரண்டுக்கு ஒன்று. 25,600-ல் வைத்தால் குமிழை முழுசாகத் திருப்பினாலும் டேபிள் நிமிடத்துக்கு 120 மி.மீ.-யைத் தொடாது. 1600-ல் வைத்தால் ஒரு மி.மீ.-க்கு 640 பல்ஸ். நிமிடத்துக்கு 1000 மி.மீ. வேகம் 11 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஃபீடு வேலைக்கு அதற்கு மேல் எதற்கு?

மோட்டார் ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். கிட்டின் தாளில் சிவப்பும் நீலமும் ஒரு ஜோடி என்று போட்டிருந்தது. மல்டிமீட்டரில் பீப் வந்தது சிவப்புக்கும் பச்சைக்கும். மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு: இரண்டு ஒயரின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து ஷாஃப்டைத் திருப்புங்கள், இறுகினால் அவை ஒரு காயில். ஜோடி மாறிப்போனால் மோட்டார் ஓடாமல் நடுங்கும். ஒரு ஜோடிக்குள் பிளஸ் மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான்.

இனி குறைகள். முதலில் மெயின்ஸ் பக்கம்.

எஸ்எம்பிஎஸ் திறந்த டெர்மினலோடு வருகிறது. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தாலும் விரல் நுழையும். கொடுத்திருக்கும் மெயின்ஸ் கேபிளில் இரண்டே ஒயர், எர்த் கிடையாது. இதை ஏற்கவே முடியாது. சுற்றிலும் இரும்பு, கையில் கூலன்ட் ஈரம். அந்த கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கோர் கேபிள் போட்டேன். லைனில் ஒரு ஃபியூஸ். எர்த் ஒயரை எஸ்எம்பிஎஸின் எர்த் டெர்மினலுக்குக் கொடுத்து, அங்கிருந்து இன்னொன்றை எடுத்து மெஷின் பாடியில் முடித்தேன். முடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, ரிங் லக் போட்டு, பல் வாஷரோடு இறுக்க வேண்டும். பெயின்டின் மேல் இறுக்கிய எர்த் பார்வைக்குத்தான் எர்த். பக்கவாட்டு ஓட்டைக்குள் 115, 230 என்று ஒரு சின்ன சுவிட்சு இருந்தால், பவர் கொடுப்பதற்கு முன் அது உங்கள் சப்ளைக்குத் தகுந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் வைத்து 230 கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் அங்கேயே முடிந்தது.

வோல்ட்டேஜைக் கூட்டும் சின்ன திருகும் அதில் உண்டு. அதைத் தொட வேண்டாம். டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் வேகமாக ஓடும் மோட்டார் சட்டென்று நிற்கும்போது ஜெனரேட்டர் போல மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். 36 சரியான தேர்வு, அந்த வகையில் கிட் போட்டவர் விஷயம் தெரிந்தவர்.

ஆனால் அதே ஆள்தான் சிவப்புப் பட்டனையும் போட்டிருக்கிறார் என்பதை நம்ப முடியவில்லை. தாளில் எமர்ஜென்சி ஸ்டாப் என்று எழுதி, பட்டனை டிரைவரின் இஎன்ஏ முனையில் (மோட்டார் கரண்டை நிறுத்தும் சிக்னல் முனை) இணைக்கச் சொல்கிறார்கள். அழுத்தினால் கான்டாக்ட் சேரும், இஎன்ஏ வேலை செய்யும், மோட்டார் பிடி விடும். சோதித்துப் பார்த்தால் நன்றாகவே நிற்கும். இப்போது அந்த ஒயர் ஒன்று டெர்மினலிலிருந்து கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை டிரைவரில் இஎன்ஏ-வில் எதுவும் இணைக்காமல் விட்டால் டிரைவர் ஓடும் நிலையில் இருக்கும். மெஷின் வழக்கம்போல ஓடும், எல்லாம் சரி என்றே தோன்றும். கட்டர், ஜாபைப் பிடித்திருக்கும் வைஸை நோக்கிப் போகும்போது பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஸ்டாப் பட்டனின் ஒயர் அறுந்தால் மெஷின் நிற்க வேண்டும், ஓடக்கூடாது.

நான் செய்தது இது. கிட்டின் பட்டனை ஒதுக்கிவிட்டு, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், திருகினால் விடும் பட்டன் வாங்கினேன். அதன் என்சி கான்டாக்டை (சாதாரணமாகச் சேர்ந்திருக்கும், அழுத்தினால் பிரியும்) ஒரு கான்டாக்டரின் (காயிலில் கரண்ட் இருக்கும்வரை இணைப்பைப் பிடித்திருக்கும் மின்காந்த சுவிட்சு) காயிலோடு தொடராகப் போட்டேன். எஸ்எம்பிஎஸுக்குப் போகும் மெயின்ஸ் அந்த கான்டாக்டர் வழியாகத்தான் போகிறது. பச்சை ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். பவர் போய் வந்தாலோ, சிவப்புப் பட்டனைத் திருகி விட்டாலோ மெஷின் தானாகக் கிளம்பாது. இது முக்கியம், ஏனென்றால் இந்த பல்ஸ் போர்டுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சுவிட்சு இடது பக்கம் இருக்கும்போது பவர் வந்தால் உடனே டேபிளை நகர்த்தத் தொடங்கிவிடும். மெயின்ஸை வெட்டினாலும் எஸ்எம்பிஎஸின் கெப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் சார்ஜ் இருக்கும். அதற்காகப் பட்டனின் இரண்டாவது கான்டாக்டை இஎன்ஏ-வுக்குக் கொடுத்திருக்கிறேன். துணைக்கு வைத்துக்கொள்ள இஎன்ஏ நல்லது, தனியாக அதை நம்பக் கூடாது.

டிரைவரின் பச்சை டெர்மினல் பிளக் இழுத்தால் கழன்று வரும் வகை. வசதிதான், ஆனால் பவர் இருக்கும்போது மோட்டார் பிளக்கை உருவினால் காயிலில் தேங்கிய சக்தி டிரைவரின் மாஸ்ஃபெட்டுகள் (கரண்டை மாற்றிவிடும் டிரான்சிஸ்டர்கள்) மேல் பாயும். எல்இடி முழுதாக அணைந்த பிறகே கை வைக்க வேண்டும். ஒயர் நுனிகளுக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்து நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்) போடுங்கள். கிட்டில் நுனிகளைச் சாலிடரில் நனைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஈயம் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். நான் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஃபெரூல் போட்டேன். அப்படி வெட்டும்போதுதான் பார்த்தேன், ஏ பிளஸ் என்ற மோட்டார் முனையில் நுழையாத ஒரு இழை, முடி அளவுக்கு, பக்கத்து ஓட்டையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

பல்ஸ் ஒயரையும் மோட்டார் ஒயரையும் ஒரே ஸ்லீவுக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்பிண்டில் விஎஃப்டி-யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) ஓடும் மெஷினில் இது வம்பு. ஸ்பிண்டிலைப் போட்டால் நிறுத்தி வைத்த டேபிள் மெல்ல ஊர்ந்தது. விஎஃப்டி-யின் இரைச்சலை டிரைவர் பல்ஸ் என்று எடுத்துக்கொள்கிறது. மோட்டாருக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை டிரைவர் பக்கம் மட்டும் எர்த் செய்து, பல்ஸ் ஒயரை முறுக்கு ஜோடியாகத் தனிப் பாதையில் கொண்டுபோன பிறகு ஊர்வது நின்றது. பல்ஸ் போர்டுக்குப் பதில் 24 வோல்ட் கன்ட்ரோலர் இணைப்பவர்கள் ஒவ்வொரு சிக்னலிலும் 2 கிலோஓம் ரெசிஸ்டர் போடாவிட்டால் டிரைவரில் சிக்னலை வாங்கும் ஆப்டோகப்ளர் எரிந்துவிடும்.

அப்புறம் பெட்டி. கிட்டில் பெட்டியே இல்லை, டிரைவரை மெஷின் ஓரத்தில் திருகிவிடலாம் என்கிறது தாள். மில்லிங் மெஷின் பக்கத்தில் அலுமினியச் சீவல் எங்கெல்லாம் பறக்கும் என்று இதை எழுதியவருக்குத் தெரியாது போல. டெர்மினல் வரிசையில் ஒரு சீவல் விழுந்தால் போதும். மூடிய உலோகப் பெட்டிக்குள், சூடு தணிக்கும் துடுப்புகள் செங்குத்தாக இருக்கும்படி டிரைவரை மாட்டி, பெட்டியின் சுவரிலேயே அழுத்தி இறுக்கினால் சூடு சுவர் வழியாகப் போய்விடும். ஃபேன் வைத்தால் ஃபில்டர் இல்லாமல் வைக்காதீர்கள்.

கைச்சக்கரத்தைக் கழற்றிவிட வழி இல்லாதது இன்னொரு குறை. வேக ஓட்டத்தில் அதன் கைப்பிடி முழங்கையில் அடிக்கும். மடக்கும் கைப்பிடி போட்டுக்கொண்டேன்.

மதிப்பெண் கேட்டால் மோட்டாருக்கும் டிரைவருக்கும் 5-க்கு 4.5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.5. மோட்டார், டிரைவர், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் தனித்தனியே வாங்கி, கான்டாக்டர், பெட்டி, கேபிளை நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. கிட்டாகவே வாங்குபவர்கள் எக்ஸ், ஒய் அச்சுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செங்குத்து அச்சுக்கு இது கூடாது. மோட்டாரில் பிரேக் இல்லை, பால் ஸ்க்ரூ (உராய்வு குறைந்த, உருண்டைகள் மேல் ஓடும் திருகு) உள்ள மெஷினில் பவர் போன நிமிடமே ஹெட் தன் எடையில் இறங்கத் தொடங்கும்.