பாங்காக் கவுன்டரில் காட்டும் பணம்: பாட்டா, டாலரா, கார்டா?

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கியதிலிருந்து நம் ஆட்கள் ஒன்றை மறந்தே போகிறார்கள். விசாதான் போனது, கையில் பணம் இருப்பதைக் காட்டும் விதி அப்படியேதான் இருக்கிறது. ஆளுக்கு 20,000 பாட் (தாய்லாந்து நாணயம்), குடும்பமென்றால் 40,000 பாட் என்பது தாய் தூதரகங்கள் சொல்லும் கணக்கு. ஏர்போர்ட் இமிக்ரேஷன் கவுன்டரில் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டால், அந்த ஒரு நிமிடத்தில் எதை எடுத்து நீட்டுவது?

பேங்க் ஸ்டேட்மென்ட் விசா விண்ணப்பத்தோடு வைக்க நல்லது. கவுன்டரில் அது ரூபாயில் அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டைப் பார்த்து லிமிட் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் போகும்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டைப் பற்றி என் மச்சான் சொல்வதுதான் சரியாக இருக்கும். 2025 ஆகஸ்டில் நான், மனைவி, அம்மா, அவன் என நான்கு பேர் போனோம். அவன் கார்டில் பணம் நிறையவே இருந்தது. ஆனால் பேலன்ஸ் கார்டின்மேல் எழுதியிருக்காதே! ஆப்பைத் திறந்தால் லாகின் போயிருந்தது. ஓடிபி வரவேண்டிய சென்னை சிம்மில் ரோமிங் போடவில்லை. "மாமா, ஓடிபி வரல" என்று அடுத்த வரிசையிலிருந்து அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! ஓரமாக நிற்கவைத்து, ஏர்போர்ட் வைஃபையில் ஏதேதோ செய்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.

இந்தப் பக்கம் அதிகாரி என் அம்மாவைப் பார்த்து "மணி?" என்றார். அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நூறு டாலர் நோட்டுகள் ஏழினை ஒவ்வொன்றாக எண்ணி மேடைமேல் வைத்தார். அதிகாரி நான்காவது நோட்டிலேயே போதுமென்று கையைக் காட்டிவிட்டார். அம்மா விடவில்லை, ஏழு நோட்டையும் எண்ணி முடித்தார்.

ஆக, நோட்டுதான். பாட்டா டாலரா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காட்டுவதற்கென்று கொண்டுபோகும் பணத்தில் பெரும்பகுதி செலவாகாமல் ஊருக்கே திரும்பி வரும். வாங்கும்போது என்ன ரேட் என்று எல்லோரும் பார்க்கிறோம், திருப்பி விற்கும்போது என்ன ரேட் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் முதல்முறை நானும் மனைவியும் போனபோது 40,000 பாட்டைச் சென்னையிலேயே 2.55 ரூபாய்க்கு வாங்கினேன். மீதி 18,000 பாட்டை அதே கடையில் கொடுத்தபோது 2.20தான் தந்தார்கள். தொடாத பணத்துக்கு 6,300 ரூபாய் தண்டம்.

டாலரில் இந்த இடைவெளி ரொம்பக் குறைவு. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு கடையில் இரண்டு ரேட்டையும் கேட்டேன்: டாலருக்கு வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றரை ரூபாய்தான் தள்ளியிருந்தன, டாலர் விலைக்கு அது சொற்பம். அதைவிட முக்கியம், விற்கவே வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2,000 டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டைக் காலவரையின்றிக் கையில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் இருப்பதைத்தான் ஊர் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். பாட்டையும் அப்படி வைத்திருக்கலாம்தான். ஆனால் அது தாய்லாந்துக்கு மட்டும். டாலரை அடுத்து எந்த நாட்டுக்குப் போனாலும் எடுத்துப்போகலாம்.

நூறு டாலர் நோட்டாகவே கேட்டு வாங்குங்கள். பாங்காக்கில் சின்ன நோட்டுக்கு ரேட் குறைத்துத்தான் தருவார்கள். கடைக்காரர் நீட்டுவதை அப்படியே பையில் போடாமல் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். பேனாக் கிறுக்கலோ ரப்பர் ஸ்டாம்ப்போ இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். பணத்தை ஒருவரே மொத்தமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அம்மா குடும்பக் கணக்கில் வருவாரா என்ற சந்தேகமே வேண்டாமென்று மச்சான் தவிர நாங்கள் மூவரும் ஆளுக்கு ஏழு நோட்டு, அதாவது 20,000 பாட்டுக்குக் குறையாமல், பிரித்துக்கொண்டோம். தொலைந்தால் தொலைந்ததுதான் என்ற பயம் நோட்டில் உண்டு. அந்த விஷயத்தில் கார்டு ஒரு படி மேல், ஒத்துக்கொள்கிறேன்.

ஐரோப்பாவுக்கு இதே யோசனையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான் போனது ஒரே முறை, அதிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விதியில் ரொக்கத்தோடு கிரெடிட் கார்டும் சான்றாகச் சேர்கிறது. பிரான்ஸில் ஹோட்டல் புக்கிங் இருந்தால் ஒரு நாளைக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120. அந்தக் கணக்குக்கு நோட்டாகவே கொண்டுபோக எனக்குத் துணிச்சல் வராது.

ஹோட்டல், மால் செலவெல்லாம் கார்டில் போனதால் இருபத்தொரு நோட்டில் ஐந்தைத்தான் மாற்றினோம். மீதி பதினாறும் பீரோவில், அம்மாவின் அதே சுருக்குப்பையில் இருக்கின்றன. பையைக் கேட்டால் அம்மா தரமாட்டேன் என்கிறார்.