பழைய ஸ்கிராம்பளருக்கு எமுலேட்டர்: துளை போடாமல் மாட்டினால் வீண்

மலேசியாவின் உலு லங்காட் கற்பாதையிலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணிலும் ஓடும் பழைய ஸ்கிராம்பளர் (கரடுமுரடான பாதைக்கான மோட்டார் சைக்கிள்) பலவற்றின் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுத்தாங்கிக் குழாய்களில், இருப்பது வெறும் டேம்பர் ராடுதான்: எண்ணெய் போகத் துளையிட்ட ஒரு குழாய். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்பென்று அமுங்கும். வேகமாக வேரிலோ கல்லிலோ ஏறினால் அதே ஃபோர்க் விறைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பதம் பார்க்கும். எண்ணெய் போக மாறாத அளவில் சில துளைகள் மட்டுமே இருப்பதுதான் காரணம். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும்.

இதற்கு மருந்து ரேஸ் டெக் நிறுவனத்தின் கோல்டு வால்வ் எமுலேட்டர். டேம்பர் ராடின் தலைமேல் உட்காரும் சிறு வால்வு இது. மெயின் ஸ்பிரிங்தான் அதை அழுத்திப் பிடித்திருக்கும். அடி பலமாக விழும்போது வால்வின் குட்டி ஸ்பிரிங் வழிவிட, எண்ணெய் தடையில்லாமல் போகும்.

பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கெடுவதெல்லாம் மாட்டுவதில். ராடின் அடிப்பகுதியில், ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் போகும் கம்ப்ரஷன் துளைகளைப் பெரிதாக்கியே தீர வேண்டும். 8 மி.மீ. அளவில் குறைந்தது 6 துளைகள் வேண்டும். எதிரெதிராக ஒரு ஜோடி, அடுத்தடுத்த ஜோடிகள் 10 மி.மீ. தள்ளி, 90 டிகிரி திருப்பி. இதைச் செய்யாவிட்டால் பழைய துளைகளே எண்ணெயைத் தடுக்கும், மேலே வால்வு சும்மா உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் ரிங் பக்கம் இருக்கும் சின்ன ரீபவுண்ட் (ஃபோர்க் மீண்டு எழுவது) துளைகளைத் தொடவே கூடாது. துளையிட்ட பிறகு உள்ளும் வெளியும் பிசிறை அரம் போட்டு எடுங்கள். கைட்ரில் வைத்திருக்கும் பட்டறையைவிட லேத் கடையில் கொடுப்பது மேல்.

ஃபோர்க்கைப் பிரித்த கையோடு, குழாய்கள் சறுக்கும் புஷ்ஷையும் பாருங்கள். சாம்பல் நிற டெஃப்லான் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஃபோர்க் டியூபில் துருப்புள்ளி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் சீலும் கசியும். அடி போல்ட்டின் செப்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். போல்ட்டை இறுக்கும்போது ராடு கூடவே சுற்றினால், ஸ்பிரிங்கையும் மூடியையும் தற்காலிகமாகப் போட்டு அழுத்திக்கொள்ளுங்கள்.

எமுலேட்டரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு, ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் குழாயை வெட்ட வேண்டும். மறந்தால் ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் முன் அழுத்தம்) கூடி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பிவிசி குழாயில் ஸ்பேசர் செய்யலாம், ஆனால் ஸ்பிரிங் படும் முனையில் வாஷர் கட்டாயம்.

எண்ணெய்க்கு 15W கெட்டித்தன்மையில் தொடங்கலாம். ரீபவுண்டை இன்னும் கவனிப்பது பழைய துளையும் எண்ணெயின் கெட்டித்தன்மையுமே. நம்மூர் வெயிலில் எண்ணெய் இளகும் என்பதால் குளிர்நாட்டுக்காரர் சொல்லும் மெல்லிய எண்ணெயை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். W எண் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். 40 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) எவ்வளவு என்று ஒப்பிடுவதே நம்பகம். ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, ஸ்பிரிங் இல்லாமல், டியூப் விளிம்பிலிருந்து 130 முதல் 150 மி.மீ. கீழே எண்ணெய் நிற்கட்டும். அளப்பதற்கு முன் பத்துப் பதினைந்து முறை இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

வால்வு ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை 2 சுற்றில் வைத்து ஓட்டிப் பார்த்து, அரை அரைச் சுற்றாக மாற்றலாம். இங்கேதான் எரிச்சல்: ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, வளைத்த கம்பியால் வால்வைத் தூக்க வேண்டும். வெளியிலிருந்து திருகும் வசதி இல்லை.

ஸ்பிரிங் உங்கள் எடைக்குத் தோதாக இல்லாவிட்டால் முதலில் அதற்குச் செலவு செய்யுங்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது பயண நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் எமுலேட்டரால் ஈடுகட்ட முடியாது. டேம்பர் ராடுக்குப் பதில் தனி வால்வுத் தொகுதி கொண்ட கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் உள்ள வண்டிக்கு இது பொருந்தவே பொருந்தாது. வாங்கும்முன் டியூபின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். ராடின் தலை தட்டையாக இல்லையென்றால் அடாப்டரும் சேர்த்து ஆர்டர் போட வேண்டிவரும்.