இஞ்சி பியர் மண்டி: துணியில் வடிப்பதா, குளிரவைத்து ஊற்றுவதா?

வீட்டில் ஈஸ்ட் போட்டுப் போத்தலிலேயே நொதிக்கவைத்த இஞ்சி பியரில் மண்டி படிவது இயல்பு. குடிக்கும்போது துணியில் வடித்தால் இஞ்சித் தும்பு நிற்கும். ஈஸ்ட் துணியைத் தாண்டிவிடும், வாயுவும் போய்விடும். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

குளிரவைப்பதுதான் நல்லது. வன்னி வெயிலில் சூடேறிய போத்தலைத் திறந்தால் நுரை பொங்கி மண்டியைக் கிளப்பிவிடும். குளிரில் வாயு கரைந்தே நிற்கும், ஈஸ்டும் அடியில் இறுகும். பிரிட்ஜில் 2 நாள் நிமிர்த்தி வையுங்கள். அப்புறம் ஆட்டாமல் திறந்து, மெல்லச் சரித்து, முழுவதையும் ஒரே தடவையில் சாடிக்குள் ஊற்றுங்கள். இடையில் நிமிர்த்தினால் கலங்கிவிடும். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கடைசி வாய் போனால் போகட்டும். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் குலுங்கிப்போன போத்தலா? அதை அன்றே திறக்க வேண்டாம்.