இரும்புத் தட்டின் முன்னா, சுஷி மேடையின் முன்னா?

ஜப்பானில் ஒரு வேளையாவது கையைக் கடிக்கும் விலையில் உண்பது என்று முடிவாகிவிட்டால், சூடான இரும்புத் தட்டில் இறைச்சியை வாட்டித் தரும் தெப்பன்யாகியா, வினிகர் சோற்றின் மேல் மீன் துண்டு வைத்துத் தரும் சுஷியா என்ற கேள்வி எழும். இரண்டிலும் சமையல்காரர் நம் கண்ணெதிரிலேயே வேலை செய்கிறார். ஆனால் அந்த நெருக்கம் இரண்டிலும் ஒன்றல்ல.

தெப்பன்யாகி, 1945இல் கோபே நகரின் மிசோனோ உணவகத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சூடேறிய இரும்புத் தட்டில் மெல்லிய பூண்டுச் சீவல்களைப் பொன்னிறமாக வறுத்து ஒதுக்கியபின், அந்த எண்ணெய் மணத்திலேயே மாட்டிறைச்சி விழுகிறது. கத்தியைச் சுழற்றும் வித்தை, 1964இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட பெனிஹானா என்ற உணவகம் பரப்பியது. கோபேயில் அதை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறக்கூடும். பேச்சுக்கும் சிரிப்புக்கும் இங்கே இடமுண்டு. புலால் உண்ணாதவருக்கும் காளானும் தோஃபு என்ற சோயாக் கட்டியும் தட்டில் வாட்டிக் கிடைக்கலாம்.

சுஷி மேடை வேறு உலகம். டோக்கியோவின் பழைய பெயரான எடோ நகரத் தெருக்கடைகளில் விரைவுணவாக விற்ற பண்டம், இன்று டோக்கியோவின் கின்சா என்ற பகுதியில் ஒமகாசே என்ற பெயரில், அதாவது தேர்வைச் சமையல்காரரிடமே ஒப்படைத்துவிடும் முறையில், ஒவ்வொரு பிடியாக வந்து சேர்கிறது. வினிகர் கலந்த சோறு உடற்சூட்டில் இருக்கும்போதே, வைத்த சில நொடிகளுக்குள் உண்ண வேண்டும். சோயா சாற்றில் தொடுவதானால் மீன் பக்கத்தை மட்டுமே தொட வேண்டும். கையால் உண்பதும் முறையே என்பது நமக்குக் கூடுதல் வசதி.

ஒரே ஒரு முறைதான் வாய்க்கும் என்றால், நான் சுஷியையே தேர்வேன். நல்ல இறைச்சியை வேறு ஊர்களிலும் வாட்டித் தருவார்கள். அந்தச் சோற்றின் இளஞ்சூடு எளிதில் கிடைப்பதன்று.