ஷட்டில் கோர்ட் எதிரொலிக்கு எது சரி: ஃபோமா, தொங்கும் பேனலா, வுட் வூலா?

மூன்று கோர்ட், தகரக் கூரை, சிமெண்ட் பூசிய சுவர், 30 அடி உயரம். எங்கள் இண்டோர் ஷட்டில் கோர்ட்டில் சாயங்காலம் பிள்ளைகள் இருபது பேர் இறங்கிவிட்டால், கோச் சொல்வது பக்கத்தில் நிற்கிற பையனுக்கே விளங்காது. கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் செலவு செய்யத் துணிந்தேன்.

வெளியே சத்தம் போகாமல் தடுப்பது வேறு வேலை. இது உள்ளேயே சுற்றும் எதிரொலி. ஹாலின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்க எத்தனை வினாடி என்று வந்துவிடும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்துக் கண்ட சூத்திரம் இது. எங்கள் ஹால் சுமார் 4000 கன மீட்டர். உறிஞ்சும் பரப்பு 100 சதுர மீட்டர் என்று வைத்தால் ஆறரை வினாடி. 80 சதவீதம் உறிஞ்சும் பொருளை 200 சதுர மீட்டருக்கு அடித்தால், அந்த 100உடன் 160 சேர்ந்து, இரண்டரைக்கு இறங்கும். அதனால் எதை வாங்கினாலும் பரப்பு வேண்டும். மூலைக்கு நாலு துண்டு ஒட்டிப் பயனில்லை.

ஃபோம் விலை குறைவு, ஒட்டுவதும் சுலபம். ஆனால் நான் அதைத் தொடவே இல்லை. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில் சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோம் பற்றிக்கொண்டு 100 பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் 242 பேர். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம்.

கூரையிலிருந்து தொங்கும் பாலியஸ்டர் பேனல் நல்ல பொருள். இரண்டு பக்கமும் உறிஞ்சும், சுவரை அடைக்காது. ஏசி போட்ட ஒரு ஹாலில் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிரமாதமாக இருந்தது. எங்கள் ஷெட்டில் காற்றுக்காக விட்ட இடைவெளி வழியாகத் தூசியும் புறாவும் வரும். 25 அடி உயரத்தில் தொங்குவதைத் துடைக்க ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும். உயரத் தூக்கி அடிக்கும் ஷட்டிலும் அதில் முட்டும்.

இந்தப் பராமரிப்புதான் என்னை வுட் வூல் போர்டு பக்கம் திருப்பியது. மரநாரையும் சிமெண்டையும் கலந்து அழுத்திய பலகை. பந்து பட்டாலும் ராக்கெட் இடித்தாலும் நொறுங்காது, எளிதில் தீப்பிடிக்காது, தூசி படிந்தால் பிரஷ் வைத்த வேக்குவம் போதும். ஒரு அங்குலப் பலகையை அப்படியே சுவரில் அறைந்தால் பாதிகூட உறிஞ்சாது. இரண்டு அங்குலச் சட்டம் அடித்து, உள்ளே கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சை வைத்து, அதன்மேல் பலகையைத் திருக வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் அடிக்காமல் அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் அடித்தோம். அப்போதுதான் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மோதித் திரும்பும் சத்தம் இரண்டும் உடையும்.

பெயிண்ட் விஷயத்தில்தான் சறுக்கினோம். வெள்ளை ஷட்டில் கண்ணுக்குத் தெரிய அடர் பச்சை கேட்டிருந்தேன். பெயிண்டர் ரோலரால் இரண்டு கோட் அழுத்தமாக ஓட்டிவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் நாருக்கு நடுவே இருந்த ஓட்டையெல்லாம் பெயிண்டால் மூடிக் கிடந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் கை தட்டினால் பழைய மாதிரியே ‘டண்’ என்று திரும்பி வந்தது. அத்தனை பலகையையும் கழற்றிப் புதிது போட்டு, ஸ்பிரேயில் மெல்லிசாக அடித்தோம்.

இன்னும் இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன். ஈரத்தில் பலகை வளையவில்லை. பத்து வருடக் கணக்கு என்னிடம் இல்லை. கூரையில் மழை விழும் சத்தத்துக்கு இது எதுவும் செய்யாது, அதற்குத் தகடுக்கு அடியில் தனியாக இன்சுலேஷன் போட வேண்டும். மழை இல்லாத நாளில், மூன்றாவது கோர்ட்டில் நிற்கும் பிள்ளையை முதல் கோர்ட்டிலிருந்தே கோச் சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.