லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன், காதுகுத்துப் படங்கள் போச்சு

குன்னூர்க்காரர்களுக்கு ஐப்பசி மழை தெரியும். பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையிலேயே பூசணம் பூக்கும். கேமராவை அதே பீரோவில் தோல் உறையோடு வைத்தது என் தப்பு. தோல் ஈரத்தை விடாது. மழை நின்றபின் டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸுக்குள் ஓரமாகச் சிலந்தி நூல் மாதிரி நாலைந்து இழை.

என்னிடம் இருப்பது கேனான் இஓஎஸ் எம், 2012-ல் வந்த மாடல். அதோடு 22 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்று. வேறு லென்ஸ் வாங்கவில்லை, தேவைப்படவும் இல்லை. பெரிய கேமராவைத் தூக்கினால் வீட்டு ஆட்கள் விறைத்து நிற்பார்கள். இது கையில் இருந்தால் கவனிக்கவே மாட்டார்கள். ஜன்னல் சின்னதான மலை வீடுகளில், எஃப் 2 வரை துளையை அகலமாகத் திறக்கும் லென்ஸ் இருந்தால் ஃபிளாஷே வேண்டாம்.

ஊட்டியில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். "ஃபங்கஸ்தான்க்கா, கழட்டித் தொடச்சா போயிரும். 2,800 ஆகும். பில்லு வேணும்னா ஜிஎஸ்டி சேரும்" என்றார். காசு மிச்சம் என்று பில் இல்லாமலே ரொக்கமாகக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது, கடை வாசலுக்குக் கூட்டிப்போய் நல்ல வெயிலில் எதிர்க்கட்டடத்தை ஒரு படம் எடுத்து, பின்னால் இருக்கும் திரையில் காட்டினார். பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

தை மாதம் கோத்தகிரியில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. ஓட்டு வீடு, வெளியே மூடுபனி, உள்ளே ஒரு டியூப் லைட், குத்துவிளக்கு. தாய்மாமன் மடியில் குழந்தை. இடது பக்கம் 86 வயதுப் பாட்டி, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு. வலது பக்கம் ஆசாரி. இருநூறு படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆசாரியின் விரல் நகம்கூடத் தெரிகிறது, பாட்டியின் முகம் மாவாய்க் கரைந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் இடது பக்கம் அப்படித்தான். விளக்குச் சுடரைச் சுற்றிப் பால் கொட்டியது மாதிரி ஒரு வெள்ளை. குழந்தையின் காதில் வைத்த சந்தனப் பொட்டைக் கிட்டேபோய் எடுத்த ஒரு படம் தப்பியது, காது நடுவில் இருந்ததால்.

கடைக்காரர் வாசலில் எடுத்த படத்தைத் தேடி விவரத்தைப் பார்த்தேன். எஃப் 8. லென்ஸின் துளை அவ்வளவு சுருங்கினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் மறைந்துவிடும். இருட்டு வீட்டில் எஃப் 2-க்குத் திறந்தபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது.

திரும்பப் போய்க் கேட்டேன். போன தீபாவளிக்கு இதே லென்ஸில் எஃப் 2-ல் எடுத்த படத்தையும் காட்டினேன். "நீங்க எங்கயாச்சும் கீழ போட்டிருப்பீங்கக்கா" என்றார். நான் போடவில்லை. கோவையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். திறந்துவிட்டு என்னையே பார்க்கச் சொன்னார். கண்ணாடி மேல் வட்ட வட்டமாகத் தேய்த்த கோடுகள். "ஒரு கிளாஸ் சாஞ்சு உக்காந்திருக்குதுங்க அம்மிணி. ஸ்க்ரூ ஒண்ணக் காணோம். கோட்டிங்கத் தேச்சே எடுத்துட்டாங்க, அது திரும்ப வராதுங்க." என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். முதலில் கேட்டதே பில்தான்.

மலையில் யாராவது லென்ஸ் சுத்தம் செய்யக் கொடுக்கிறீர்களா? கொடுக்கும்போதே லென்ஸின் சீரியல் நம்பர் எழுதிய ரசீது கேளுங்கள். வாங்கும்போது வாசலுக்குப் போகாதீர்கள். கடைக்குள்ளேயே ஒரு முழு நியூஸ்பேப்பரைச் சுவரில் ஒட்டச் சொல்லி, கேமராவை நேராக வைத்து, துளையை முழுசாகத் திறந்து எடுங்கள். திரையில் பெரிதாக்கி நாலு மூலை எழுத்தையும் படித்துப் பாருங்கள். பிறகு ஒரு பல்பைப் பார்த்து இன்னொரு படம். காசை அதற்கப்புறம் எடுங்கள்.